சம்பந்தியம்மாவின் வெப்பநிலை

அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'அலாரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் மட்டுமல்ல, முகத்துக்கு நேராகவும். "அலாரம் சார் வந்தாச்சா?" என்று மேலாளரே கேட்பார். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அவர் பார்க்கும் வேலையை முழுசாக விளக்கினால் கேட்பவர் பாதியிலேயே கொட்டாவி விட்டுவிடுவார். அதற்கு இந்தப் பெயரே தேவலை.

இருந்தாலும் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். அந்தக் கம்பெனி கணினிப் பெட்டிகள் செய்கிறது. வீட்டு மேஜையில் இருக்கும் சாதி அல்ல. இடுப்புயரத்துக்கு ஓர் இரும்புக் கூடு. அதில் அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல வரிசையாகக் கார்டுகளைச் செருகுவார்கள். ஒன்று கணக்குப் போடும். ஒன்று நினைவில் வைத்துக்கொள்ளும். ஒன்று வெளியிலிருந்து வரும் தகவலை வாங்கி உள்ளே கொடுக்கும். ஒரு கார்டு கெட்டுப்போனால் அதை மட்டும் உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம்; பெட்டி நிற்காது. நிற்கவும் கூடாது, ஏனென்றால் இந்தப் பெட்டிகள் சுரங்க ரயில் பாதைக்குள் காற்றோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போகின்றன.

அந்தக் கூட்டுக்குள் கன்ட்ரோலர் என்று ஒரு கார்டு தனியாக உண்டு. உருப்படியாக ஒரு கணக்குக்கூடப் போடாது. யாருக்குச் சூடு ஏறுகிறது, யாருக்கு மின்சாரம் குறைகிறது, எந்த ஃபேன் சோம்பேறித்தனம் செய்கிறது என்று மற்ற கார்டுகளின் உடம்பை விசாரித்துக்கொண்டே இருக்கும். ஏதாவது சரியில்லை என்று பட்டால் கத்தும். எந்த எல்லை தாண்டினால் கத்த வேண்டும், எவ்வளவு கத்த வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பதுதான் நம் அலாரத்தின் உத்தியோகம். ஊர் வம்பை விசாரிப்பதற்கென்றே ஓர் இயந்திரம், அதற்குப் பாடம் சொல்ல ஒரு மனுஷர்.

வேலைக்கேற்ற குணமா, குணத்துக்கேற்ற வேலையா என்பது அவர் மனைவிக்கே இன்னும் தெளிவாகவில்லை. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் முதுகைத் தினம் தொட்டுப் பார்ப்பார். யாராவது தும்மினால் நெற்றியில் கை வைப்பார். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பஸ் கொஞ்சம் தாமதமானாலே தெருமுனையில் போய் நிற்பார். அவள் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் நின்றார். அதுவும் அதே கம்பெனியில், அதே மாடியில், அவர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற இடத்தில் வேலை. பெட்டியை எப்படிச் சோதிப்பது, எப்படிப் பழுது பார்ப்பது என்று கையேடு எழுதும் பிரிவு அது.

கன்ட்ரோலருக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சூடு எல்லையைத் தாண்டியதும் அலாரம் அடிக்கும். எல்லைக்குக் கீழே ஒரு மயிரிழை இறங்கியதும் நிறுத்தினால், மறுபடி ஒரு மயிரிழை ஏறும், மறுபடி அடிக்கும். அடிப்பதும் நிற்பதுமாக உயிரை எடுத்துவிடும். அதனால் எல்லைக்குக் கீழே இத்தனை டிகிரி நன்றாக இறங்கிய பிறகே நிறுத்து என்று சொல்லி வைப்பார்கள். இந்தத் தத்துவம் மனைவியின் கோபத்தைப் பார்த்தே தமக்குப் புரிந்ததாக அவர் ஒருமுறை கேன்டீனில் சொல்லிவிட்டார். அது எப்படியோ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அப்போது ஏறிய சூடு இறங்கவே வெகு காலம் ஆனது.

வீட்டையும் பெட்டியையும் குழப்பிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இன்னொரு விதத்திலும் இருந்தது. ஒவ்வொரு கார்டிலும் பல சென்சார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். நம்பர் போட்டால் அவருக்கு மண்டையில் ஏறாது. ஆகவே வேலை நடக்கும் காலத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொற்களைத் தட்டி வைப்பார், எல்லாம் உறவுமுறைகள். மின்சாரம் கொடுக்கும் கார்டு 'மனைவி'; அது நின்றால் எல்லாம் இருட்டு. ஃபேன்களுக்கு 'மச்சான்', சத்தம் எக்கச்சக்கம், காற்றும் கொஞ்சம் வரும். நினைவுக் கார்டு 'அத்தை', எதையும் மறக்காது. கணக்குப் போடும் கார்டுகள் இரண்டு. முதல் கார்டு 'மகள்'. அது இல்லாத நேரத்தில் பாரத்தைத் தாங்க வேண்டிய இரண்டாவது கார்டுக்கு 'நான்' என்று பெயர் வைத்திருந்தார். வெளியிலிருந்து தகவல் வாங்கும் கார்டு, சும்மா இருந்தாலே சூடேறுகிற கார்டு, பல வருஷமாக 'மாமியார்' என்ற பெயரில் இருந்தது.

பெட்டி வெளியே போகும் முன் இந்தப் பெயர்களையெல்லாம் அழித்துவிட்டு முறையான பெயர்களைப் போட்டுவிடுவார். ஒருமுறையும் தவறியதில்லை. 'மாமியார்' என்று ஒரு சென்சார் உலகத்தில் இருந்தது மாமியாருக்குக்கூடத் தெரியாது.

இப்போது செய்துகொண்டிருந்த பெட்டி விஷயத்தில்தான் அந்த மாமியாருக்கு விடுதலை கிடைத்தது.

பெட்டிகளை வாங்கும் ரயில் நிர்வாகத்தில், சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற அதிகாரி ஓர் அம்மாள். குள்ளமான உருவம், ஓடுகிறவர்கள் போடும் ஷூ, கைப்பையில் டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும். எதையும் தன் கையால் கழற்றிப் பார்க்காமல் நம்ப மாட்டார். ஒரு ஸ்க்ரூவின் தலை மற்றதைப் போல இல்லை என்று ஒரு பெட்டியையே திருப்பி அனுப்பியவர். 'கழட்டி மேடம்' என்று கம்பெனியில் பெயர். அலாரத்துக்கும் அவருக்கும் வருஷக்கணக்கில் ஏழாம் பொருத்தம்.

அந்த மேடத்தின் மகனும் அதே நிர்வாகத்தில், வேறு பிரிவில் இருந்தான். பெட்டிகளைப் பாதைக்குள் கொண்டுபோய்ப் பொருத்துகிற வேலை. கையேட்டில் ஏதோ சந்தேகம் என்று வந்தான். சந்தேகம் தீர்ந்த பிறகும் வந்தான். கையேடு எழுதுகிற பெண்ணுக்கும் தினம் புதுப் புது சந்தேகங்களைத் தீர்த்து வைப்பதில் சலிப்பே வரவில்லை. இதெல்லாம் எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் நடந்தது. ஊர்ப்பட்ட சென்சார்களைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவருக்கு இது மட்டும் தெரியவில்லை.

தெரிந்தபோது அவர் பையனிடம் கண்டுபிடித்த குறை ஒன்றே ஒன்று. "அவன் டீயை ஊதாமயே குடிக்கறான். கொதிக்கக் கொதிக்க. சூடே தெரியாதவனை நம்பி எப்படிப் பொண்ணைக் குடுக்கறது?"

"நீங்க ஆறிப்போனதைக் குடிக்கறீங்க. உங்களை நம்பி எங்கப்பா குடுக்கலையா?" என்றாள் மனைவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். உட்கார்ந்தார். சுவரில் ஆடிக்கொண்டிருந்த சுவிட்ச் போர்டைப் பார்த்தார். "இது லூஸா இருக்கே" என்று எழுந்து, பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து இறுக்கிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, "என் பையனுக்கு உங்க பொண்ணைக் கேக்கறேன். உங்களுக்குச் சம்மதமா?" என்றார்.

அவருடைய வீட்டில், அவருடைய சுவிட்ச் போர்டை இன்னொருவர் குறை சொல்வதா! அலாரத்துக்கு உள்ளுக்குள் புகைந்தது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அத்தோடு சரி. அதன் பிறகு யார் கேட்டாலும் பிடி கொடுக்கவில்லை.

மறுநாள் மதியம் சோதனை அறையில் உட்கார்ந்து, 'மாமியார்' என்ற பெயரை அழித்துவிட்டு 'சம்பந்தியம்மா' என்று தட்டினார். எல்லையைக் கீழே இறக்கினார், லேசாகச் சூடேறினாலே கத்தட்டும் என்று. சூட்டோடு சூடாக 'மகள்' கார்டுக்கு ஒரு பூட்டும் போட்டார். பூட்டு என்றால் சாவிப் பூட்டு அல்ல. ஒவ்வொரு கார்டின் முகத்திலும் ஒரு கைப்பிடியும் ஒரு நீல விளக்கும் இருக்கும். கைப்பிடியைத் திறந்தால், "நான் போகலாமா?" என்று கார்டு கன்ட்ரோலரைக் கேட்கிறது என்று அர்த்தம். நீல விளக்கு சிமிட்டும். வேலையையெல்லாம் இன்னொரு கார்டிடம் ஒப்படைத்த பிறகு விளக்கு சிமிட்டாமல் எரியும், அப்போதுதான் உருவலாம். பூட்டுப் போட்ட கார்டு கேட்டால் கன்ட்ரோலர் காதிலேயே வாங்காது, விளக்கும் எரியாது. சோதனை நேரத்தில் யாராவது தெரியாமல் உருவிவிடக் கூடாது, ஒரு பாதுகாப்புக்கு என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

பையனுக்கு வேறோர் ஊரில் புதிதாகத் தோண்டுகிற பாதைக்கு மாற்றல் வந்தது. மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும். அன்று சாயங்காலம் மகள் அப்பாவின் எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா, நீங்க சரின்னு சொல்லாம நான் இந்த வீட்டை விட்டுப் போக மாட்டேன். அதை அவர்கிட்டயும் சொல்லிட்டேன். ஆனா வேணாம்னாலும் வேணாம்னு சொல்லிடுங்கப்பா. இப்படி யோசிச்சுக்கிட்டே இருக்காதீங்க."

சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் சண்டை போடவில்லை. அதன் பிறகு வீட்டில் அவள் பேச்சு அளவாகிவிட்டது. கேட்டால் பதில் வரும், கேட்காமல் எதுவும் வராது. அவருக்குக் காரணம் நன்றாகவே தெரியும். அவள் போய்விட்டால் எட்டிப் பார்க்கும்போது அந்த நாற்காலியில் வேறு யாரோ இருப்பார்கள். தெருமுனையில் போய் நின்றாலும் எந்தப் பஸ்ஸிலிருந்தும் அவள் இறங்க மாட்டாள். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, பையன் டீ குடிக்கிற விதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கழட்டி மேடம் பெட்டியைச் சோதிக்க வரும் நாளும் வந்தது. காலையில் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு அந்தம்மா வருவாங்க. ஆமாவா இல்லையான்னு நீங்களா வாயைத் திறந்து சொல்லிட்டு வாங்க. மறுபடி யோசிக்கறேன்னு சொன்னீங்கன்னு தெரிஞ்சுது, அப்புறம் நீங்களே யோசிங்க, நீங்களே சமைங்க, நீங்களே சாப்பிடுங்க."

அவர் சீக்கிரமே போய், பெட்டிக்கு முறையான பெயர்களைத் தட்டி, பூட்டை எடுத்து, எல்லைகளைச் சரி செய்துவிட்டார். செய்தது சரிதான். ஆனால் அந்தப் பெட்டியில் கன்ட்ரோலர் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று வேலை பார்க்கும், மற்றது அதற்கு ஏதாவது ஆனால் இடத்தைப் பிடிக்கத் தயாராகச் சும்மா இருக்கும். முதல் கன்ட்ரோலரில் எதை மாற்றினாலும் இரண்டாவதற்குத் தானாகவே பிரதி போகும். உறவுப் பெயர்களும் பூட்டும் அப்படிப் போய்ச் சேர்ந்த பிறகு, வேறு ஏதோ சோதனைக்காக அந்தப் பிரதியை அவர்தான் நிறுத்தி வைத்திருந்தார். திரும்ப ஓட விட வேண்டும் என்பது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. ஞாபகம் பூராவும் மேடத்திடம் என்ன சொல்வது என்பதிலேயே இருந்தது.

சோதனை அறை சின்னது. நடுவில் பெட்டி, சுவரில் பெரிய திரை. மேடம் பெட்டிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். மேலாளர் கைகளைத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். பெண் கேட்ட கதை எதுவும் அவருக்குத் தெரியாது. சோதனைகளை வரிசையாகப் படித்துச் சொல்ல வேண்டியது கையேடு எழுதியவளின் வேலை. அதனால் மகளும் ஓர் ஓரமாகக் கையேட்டுடன் நின்றாள்.

"காற்று வரும் வழியை அட்டையால் மூடவும்" என்று படித்தாள்.

மேடம் மூடினார். கொஞ்ச நேரத்தில் திரையில் எழுத்து வந்தது: தகவல் வாங்கும் கார்டு, சூடு எல்லை தாண்டியது. மேடம் தலையசைத்தார். மேலாளர் அதைவிடப் பலமாகத் தலையசைத்தார்.

"அட்டை மூடியிருக்கும்போதே முதல் கன்ட்ரோலரை உருவவும். இரண்டாவது பொறுப்பேற்க வேண்டும்."

அப்போதுதான் நிறுத்தி வைத்த பிரதி நம் ஆளுக்கு ஞாபகம் வந்தது. "மேடம், ஒரு நிமிஷம்..." என்று கையை நீட்டினார். மேடம் அதற்குள் கன்ட்ரோலரை உருவிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். திரை ஒருமுறை இருண்டு, திரும்ப வந்தது.

மேடம் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தார். "சம்... பந்... தி... யம்மா. சூடு எல்லை தாண்டியது."

ஃபேன் சத்தம் ஏறிக்கொண்டே போனது.

"மச்சான், முழு வேகம்" என்று அடுத்த வரியைப் படித்தார் மேடம். "இது என்ன பேரு?"

மேலாளர் கம்பெனியைக் காப்பாற்ற முன்னால் பாய்ந்தார். "அது சென்சார் செஞ்ச கம்பெனி பேரு மேடம். வெளிநாடு."

"எந்த நாடு?"

"ரொம்பத் தூரம் மேடம்."

திரை இன்னொரு வரியைப் போட்டது. சம்பந்தியம்மா: ஆபத்து. உடனே வெளியே எடுப்பது நல்லது.

மகள் கையேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் திருதிருவென்று விழித்தபடி நின்றார். மேடம் நிதானமாக அட்டையை எடுத்தார். சூடு இறங்கியது. ஆனால் அலாரம் நிற்கவில்லை.

"சூடுதான் எறங்கிடுச்சே, இன்னும் ஏன் கத்துது?"

"நல்லா எறங்கணும் மேடம். அப்பதான் நிக்கும்." அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை.

"எவ்வளவு எறங்கணும்?"

"மத்த கார்டுக்கெல்லாம் அஞ்சு டிகிரி. இதுக்கு மட்டும்... பதினஞ்சு."

"இதுக்கு மட்டும் ஏன்?"

"சட்டுனு நம்பிட முடியாதுன்னு..."

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபமா இல்லையா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க எந்தச் சென்சாரும் கிடையாது. "அடுத்தது படிம்மா" என்றார்.

மகள் கையேட்டைக் கீழே இறக்கினாள். ஒரு வரி அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும், உடனே படிக்கவில்லை. பிறகு மெதுவாகப் படித்தாள். "கணக்குப் போடும் முதல் கார்டை, பெட்டி ஓடும்போதே உருவவும்."

மேடம் அந்தக் கார்டின் கைப்பிடியைத் திறந்தார். நீல விளக்கு எரியவில்லை. மூடித் திறந்தார். எரியவில்லை. திரையில் மட்டும் எழுத்து வந்தது. மகள்: வெளியேற அனுமதி இல்லை.

"பழுதா அலாரம்?" என்று மேலாளர் பதறினார்.

"இல்ல சார். நான் போட்ட பூட்டு."

"யாரு தெறக்கணும்?" என்றார் மேடம். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, நம் ஆளைத்தான் பார்த்தார்.

"நான்தான்."

அவர் மகளைப் பார்த்தார். அவள் கையேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளே எழுதிய கையேடு. அதில் இனிப் படிக்கப் புதிதாக ஒன்றும் இல்லை. இத்தனை நாளும் மேடத்தின் சூட்டைத்தான் அளந்துகொண்டிருந்தேன், மகளை நிறுத்தி வைத்திருந்தது நான்தான் என்று அவருக்கு அப்போது உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதற்கும் மேலே பயமாக இருந்தது. விசைப்பலகை முன்னால் உட்கார்ந்தார். ஒரு வரிதான். இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாவது முறை சரியாக அடித்தார்.

நீல விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது.

"என்ன பண்ணுது இப்ப?" என்று மேடம் கேட்டார்.

"பொறுப்பையெல்லாம் ஒப்படைக்குது. கொஞ்சம் நேரம் எடுக்கும். அவசரப்படுத்தக் கூடாது மேடம்."

"நான் எங்க அவசரப்படுத்தினேன்?"

சிமிட்டிச் சிமிட்டி, விளக்கு நிலையாக எரிந்தது. மேடம் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எல்லாத்தையும் நானே கழட்டுவேன். இதை நான் தொட மாட்டேன். நீங்களே எடுத்துக் குடுங்க."

அவர் உருவினார். கார்டு வெதுவெதுப்பாக இருந்தது. மேடம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நால்வரும் திரையைப் பார்த்தார்கள்.

மகள்: இடம் காலி.

நான்: சூடு ஏறுகிறது.

நான்: எச்சரிக்கை.

மச்சான்: வேகம் கூடுகிறது.

மனைவி: மின்சாரம் சரி.

எச்சரிக்கை அப்படியே நின்றது. பெட்டி இரைந்தது. தம் கையால் எல்லை வைத்த மனுஷர், அந்த எல்லையை முதல்முறை பார்ப்பவர் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். சூட்டைக் காட்டும் எண் நின்றது, தயங்கியது, ஒன்று இறங்கியது, இன்னொன்று இறங்கியது. மச்சானின் சத்தம் அடங்கியது. நான்: இயல்பு.

"தாங்குதே" என்றார் மேடம்.

"கொஞ்ச நேரம் கஷ்டப்படும்" என்றார் அவர். "அப்புறம் பழகிடும்."

"திரும்பக் கொண்டுவந்தா சேத்துக்குமா?"

"எப்ப வேணும்னாலும் மேடம். கேக்கவே வேணாம். அந்த இடத்தை வேற யாருக்கும் குடுக்காது."

மேடம் கார்டை மகளிடம் நீட்டினார். "நீயே வைம்மா." அவள் செருகினாள். நீல விளக்கு சிமிட்டி அணைந்தது. திரையில் 'மகள்: வந்தாச்சு' என்று வந்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல நாளாகியிருந்தது. ஒன்றும் விளங்காமல் மேலாளரும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

மேடம் திரைக்கு அருகில் போய் எதையோ உற்றுப் பார்த்தார். "பேரு வச்ச தேதி இதுல இருக்கு. நான் உங்க வீட்டுலேருந்து போன மறுநாள். அன்னைக்கே சம்பந்தியம்மான்னு எழுதி வச்சுட்டு, இவ்வளவு நாளா என்னத்த யோசிச்சீங்க?"

"அது... கோவத்துல எழுதினது மேடம்."

"கோவத்துலகூட வேற பேரு வரலையே உங்களுக்கு!"

அவர் வாயைத் திறந்தார். பையன் டீ குடிக்கிற விதம் நுனி நாக்கு வரை வந்தது. அதை முழுங்கினார். "சரிதான், சம்பந்தியம்மா" என்றார். "எனக்குச் சம்மதம்."

மேலாளருக்கு அப்போதுதான் விஷயம் புரிய ஆரம்பித்தது. "அப்ப அது வெளிநாட்டுக் கம்பெனி இல்லையா?" என்றார்.

சம்பந்தியம்மா உட்கார்ந்து பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடியபடியே, "பெட்டி பாஸ். பேரையெல்லாம் ஒழுங்காப் போட்டு அனுப்புங்க சம்பந்தி. பிரதியையும் ஓட விடுங்க. இந்தத் தப்பு உங்களைத் தவிர வேற யாருக்கும் வராது" என்றார். கதவு வரை போனவர் திரும்பினார். "அந்தப் பதினஞ்சு டிகிரியை மட்டும் அஞ்சாக்கிடுங்க. நான் அவ்வளவு மோசமில்ல."

அலாரம் வீட்டுக்குப் போன் போட்டார். "யோசிச்சாச்சு" என்றார். "அப்ப சாப்பிட வந்துடுங்க" என்றாள் மனைவி.

பிறகு அவர் முதல் கன்ட்ரோலரைத் திரும்பச் செருகிவிட்டு உட்கார்ந்து பெயர்களை அழித்தார், பூட்டுகளைச் சரிபார்த்தார், பிரதியை ஓட விட்டார். சம்பந்தியம்மா கார்டுக்கு வந்தபோது ஐந்து டிகிரி என்று தட்டினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழித்துவிட்டு, ஏழு என்று வைத்தார்.